நூற்றெட்டில் ஓடிய புது ஹெட்

மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. நீ நலம் என்பது எனக்குத் தெரியும். நேற்றுக்கூடக் கோயம்புத்தூரில் கல்யாணச் சட்டை எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாய். நான்தான் நலமில்லை. கோபமாக இருக்கிறேன். ஒரு வேளை சாப்பிடாமல் கிடந்தால் ஆறிவிடுகிற கோபம் இல்லை இது. ஒன்பது நாளாக, எழுந்திருக்கும்போதே என்னோடு சேர்ந்து எழுந்திருக்கிறது. போனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் கத்துவேன். நான் கத்த ஆரம்பித்தால் நீ போனை மேசையில் வைத்துவிட்டு வேறு சோலி பார்ப்பாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கள்ளத்தனம் உண்டு. கடிதத்தையும் மேசையில் வைக்கலாம்தான். ஆனால் அது அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

அன்று நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ அதை வேறு மாதிரி ஞாபகம் வைத்திருப்பாய். நம் கடை பேனர் மெஷினில் நாலு நிறத்துக்கு, மை துப்புகிற நாலு ஹெட். அதில் கறுப்பு ஹெட்தான் முதலில் களைத்துப்போனது. பேனர் கடையில் எழுத்தெல்லாம் கறுப்பு, முடியெல்லாம் கறுப்பு, மீசையெல்லாம் கறுப்பு. அது உழைத்த உழைப்பு மற்ற மூன்றும் உழைக்கவில்லை. மை துப்புகிற துளைகள் ஒவ்வொன்றாகச் சோம்பிப்போக, மெஷின் ஓட்டுகிற தங்கமணி என்னிடம் வந்து நிற்பாள். "அக்கா, இன்னும் ரெண்டு ஏத்தவா?" ஏற்று என்பேன். வோல்டேஜை ஏற்றினால் துளை கொஞ்சம் வேகமாகத் துப்பும். அப்படி ஏற்றி ஏற்றித் தொண்ணூறில் இருந்தது நூற்றெட்டுக்கு வந்துவிட்டது. நூற்றெட்டு அர்ச்சனைக்கு நல்ல எண், ஹெட்டுக்கு நல்ல எண் இல்லை என்று எனக்கும் தெரியும். வேறு வழியில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டுத்தான் நீ கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பரிசு என்று புது ஹெட்டை வாங்கிக்கொண்டு கொடைக்கானலுக்கு மலையேறி வந்தாய். அந்த டப்பாவைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்தது. அது பொய்யில்லை. அந்தச் சந்தோஷத்தை நீயே ஒரு மணி நேரத்தில் நாசம் பண்ணினாய் என்பதும் பொய்யில்லை.

ஹெட்டை மாட்டுவதற்கு முன்னால் தங்கமணி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பதினொரு வருடமாக அந்த மெஷினை ஓட்டுகிறவள். புதுப் பொருள் வந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் தொட மாட்டாள். ஒட்டியிருந்த சின்ன லேபிளைப் படித்துவிட்டு உன்னிடம் சொன்னாள்: "தம்பி, இதுல வோல்டேஜ் எண்பத்தாறுன்னு போட்டிருக்கு. கம்ப்யூட்டர்லயும் மாத்தணும்ல?" அதெல்லாம் எனக்குத் தெரியும்க்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் தள்ளி நின்றாள். நீ கம்ப்யூட்டர் பக்கம் போகவே இல்லை. ஹெட்டை மாட்டினாய், கேபிளைச் செருகினாய், மை இறக்கினாய், முதல் பிரிண்டே என் கல்யாணப் பேனர்தான் என்று சொல்லிப் பட்டனைத் தட்டினாய். டெஸ்ட் பிரிண்ட் கூட எடுக்கவில்லை. போதாததற்கு உனக்கு நிச்சயம் பண்ணின மதுமிதாவை வீடியோ காலில் வைத்துக்கொண்டு, உன் முகம் எட்டடி உயரத்துக்கு எப்படி வருகிறது பார் என்று போனை மெஷினுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாய்.

வந்தது. மதுமிதாவின் நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று. பெயரைச் சுற்றிக் கறுப்பு மை புகை மாதிரி தூவியிருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளை சிரித்தாள். என்னங்க, மூணு பட்டை போட்டு எனக்குத் திருநீறு பூசிட்டீங்களா என்று கேட்டாள். நல்ல சிரிப்பு. நீயும் சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். உனக்கு முகம் கறுத்துவிட்டது. குளிர் என்றாய், மை கெட்டியாகிவிட்டது என்று ஹீட்டரைக் கூட்டினாய். அடுத்த நிமிடம் வேகத்தைக் குறைத்தாய். அடுத்து மை பாட்டிலை மாற்றினாய். அதற்கடுத்து ஹெட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று மையை மடமடவென்று வடித்தாய். ஒரு மணி நேரத்தில் நாலு காரியம். எது நோய், எது மருந்து என்று இனி யாராலும் சொல்ல முடியாதபடி பண்ணி வைத்தாய். அப்புறம் திரும்பி, ஹெட்டுக்கு மை இறக்கும்போது நீங்கதானே பக்கத்தில் நின்றீர்கள், என்ன செய்தீர்கள் என்று தங்கமணியைக் கேட்டாய். அவள் எதுவும் செய்யவில்லை என்றாள். அதற்கு நீ சொன்னதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், நீயே உன் வாயால் படித்துக்கொள்: "பூண்டு உரிக்கிற கைய வச்சு மெஷின நோண்டுனா இப்பிடித்தான் ஆகும். போயி பூண்ட உரிங்க."

ஹோம்ஸ்டே போர்டு வாங்க வந்த புருஷனும் பெண்டாட்டியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். தங்கமணி கையைத் துடைத்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்தாள், ஸ்வெட்டரை மாட்டினாள், வாசல்வரை போய்த் திரும்பினாள். "சரி தம்பி, நான் போறேன். ஹெட்ட மட்டும் காயவிட்டுறாதீங்க." அவ்வளவுதான். அவமானப்பட்டுப் படியிறங்குகிற நேரத்திலும் அவளுக்கு உன் ஹெட் காய்ந்துவிடக் கூடாது என்ற கவலை. உனக்கு அவள் முகம் காய்ந்தது தெரியவில்லை.

இப்போது என் பங்கு. நான் அங்கே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. நாலு மாதம் கழித்து வந்த மகன், கல்யாண மாப்பிள்ளை, வெளியாள் முன்னால் அவனை எப்படி அதட்டுவது என்று நினைத்தேன். வெளியாள் முன்னால் தங்கமணியை நீ அதட்டலாம், உன்னை நான் அதட்டக் கூடாது என்று என் மனம் கணக்குப் போட்டதே, அந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. ஊரெல்லாம் கேட்கக் கத்துகிறவள் நான். கத்த வேண்டிய அன்றைக்குத் தொண்டையில் பஞ்சை அடைத்துக்கொண்டு நின்றேன். உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேல் என்று வைத்துக்கொள். மீதிப் பாதியே உனக்குத் தாங்காது.

மறுநாள் நீ வெள்ளனே பஸ் ஏறிவிட்டாய். போகிறபோது ஹெட் விற்றவருக்குப் போன் போட்டு, எங்கள் ஆபரேட்டர் கெடுத்துவிட்டார், மாற்றித் தர முடியுமா என்று கேட்டாயாம். அவரே என்னிடம் சொன்னார். நான் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனால் அந்த மெஷினைக் கடன் வாங்கிக் கொண்டுவந்து இறக்கியவள் நான், அதன் இருமல் எது, தும்மல் எது என்று எனக்குத் தெரியும். நீ மாற்றிய நாலையும் முதலில் பழையபடி வைத்தேன். இதை மட்டும் உன் இன்ஜினியரிங் மூளையில் ஏற்றிக்கொள்: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு ஒரு டெஸ்ட் பிரிண்ட். அதைப் பார்த்துவிட்டு அடுத்தது. குளிர்தான் காரணமென்றால் மற்ற மூன்று நிறமும் குளிரில்தானே நிற்கின்றன, அவை மட்டும் ஏன் சுத்தமாக வருகின்றன? கொடைக்கானலில் எது கெட்டாலும் குளிர்மேல் பழியைப் போடுவது நம் ஆட்களின் வழக்கம். சோறு வேகவில்லையென்றாலும் குளிர், பையன் ஃபெயிலானாலும் குளிர். குளிர் வாய் திறந்து பதில் சொல்லாது. தங்கமணியும் சொல்லவில்லை.

ஆயக்குடி கொய்யா மண்டிக்காரர் போர்டு ஒன்று அடிக்காமல் நின்றுபோயிருந்தது. அதைத்தான் சின்னதாக வெட்டி வெட்டி அடித்துப் பார்த்தேன். கொய்யாப்பழத்தின் நிழலில் கத்தியால் கீறிய மாதிரி அதே வெள்ளைக் கோடு, எழுத்தைச் சுற்றி அதே புகை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மை துடைக்கிற துணியை எடுக்கப்போனபோது மெஷினின் பக்கவாட்டில், நம் கண் படுகிற உயரத்தில் இல்லாமல் அவள் கண் படுகிற உயரத்தில், ஒரு காலண்டர் தாள் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது. தேதி கிழித்த தாளின் பின்பக்கம். 'கறுப்பு புது ஹெட் 86' என்று தங்கமணியின் கோழிக் கிறுக்கல். நீ தள்ளிக்கங்க என்று சொன்னபோது தள்ளிப் போனாளே, அப்போது எழுதி ஒட்டியிருக்கிறாள். கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தேன். நூற்றெட்டு. கிழட்டு ஹெட்டுக்காக நாங்கள் ஏற்றிவைத்த நூற்றெட்டில் உன் புத்தம் புது ஹெட் ஓடிக்கொண்டிருந்தது.

எண்பத்தாறு என்று மாற்றினேன். டெஸ்ட் பிரிண்ட் எடுத்தேன். புகை போயே போய்விட்டது. கோட்டில் முக்கால்வாசி போனது. மிச்சம் இருந்தது புது ஹெட் மாட்டினால் யாருக்கும் வருவதுதான். ஹெட் போகும்போது அடித்ததும் திரும்பும்போது அடித்ததும் ஒரே இடத்தில் விழாததால் எழுத்து இரட்டையாகத் தெரிந்தது, அதை நேராக்கினேன். அப்புறம் பேனர் துணி நகர்கிற அளவை இழை இழையாகக் கூட்டிக் குறைத்து மீதிக் கோட்டையும் எடுத்தேன். நாலே டெஸ்ட் பிரிண்ட். ஹெட்டில் ஒரு குறையும் இல்லை. தங்கமணி கையிலும் இல்லை. நீ அன்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

அந்தத் தாளை உரித்துக் கையில் எடுத்தேன். அப்போது உன் அப்பா ஞாபகம் வந்தது. தாண்டிக்குடி எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் காதில் சீழ் வந்து, பார்க்காமல் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் காது அடைத்துப்போனது உனக்குத் தெரியும். சோறு போடவா என்பதைக்கூட மூன்று தரம் கத்திக் கேட்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் என் குரலை இரண்டிரண்டாக ஏற்றினேன், நீ அந்தக் குரலிலேயே வளர்ந்தாய். பாடம் படி என்று சொன்னதும் கத்தல், சாப்பிட வா என்று சொன்னதும் கத்தல். உனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். ஆனால் குரலை மாற்றிவைக்க எனக்குத் தோன்றவே இல்லை. கடைசி இரண்டு வருடம் அவருக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தோமே, மாட்டிய முதல் நாள் நான் வழக்கம்போல ஏதோ கேட்டேன். மனுஷன் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இத மாட்டுனதுக்கப்புறம்தான் தெரியுது நீ கத்துறன்னு. இத்தன வருசமும் பேசுறன்னுல்ல நெனச்சேன்." அன்றைக்குச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. ஒருத்தரிடம் வேலை வாங்க வேண்டுமென்றால் குரலை ஏற்ற வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். அது என் தப்பு. அந்தத் தப்பை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூண்டு உரிக்கிற கை என்று நான் யாரையும் சொன்னதில்லை. அது நீயாகச் சேர்த்துக்கொண்டது.

அந்தக் கை எது தெரியுமா? உன் அப்பா போன அன்று கடையைத் திறந்து அஞ்சலிப் பேனரை அடித்த கை. நான் ஒரு மூலையில் கிடந்தேன். நீ ஓடி ஓடி ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். படத்தைப் பார்த்துவிட்டு, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாகப் போடுங்கள் அக்கா, எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றாய். அவள் முடியாது என்றுவிட்டாள். "அண்ணன் கறுப்புத்தான தம்பி. வெளுப்பாப் போட்டா வேற ஆளாயிரும்." அன்றைக்கு அந்தக் கறுப்பு ஹெட் பாதித் துளை அடைத்துக் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் துடைத்துத் துடைத்து, மூன்று முறை அடித்து, உன் அப்பாவை உன் அப்பாவாகவே கொண்டுவந்து வாசலில் கட்டினாள். அதற்கு முன்னால் நின்றுதான் நீ கைகூப்பி அழுதாய். அப்போது அந்தக் கையில் பூண்டு வாடை வந்ததா உனக்கு?

மூன்று நாளைக்கு முன்னால் தங்கமணியின் ஊர் பள்ளங்கிக்குப் போனேன். அவள் வீட்டில் பூண்டு எடுத்த சமயம். கட்டுக் கட்டாக அடுப்புப் புகை படத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு வந்தாள். இத்தனை வருடத்தில் என் முன்னால் அவள் கையைக் கழுவி நான் பார்த்ததில்லை. காப்பி கொடுத்தாள். காலண்டர் தாள் கிடைத்ததைச் சொன்னேன், ஹெட் சரியானதைச் சொன்னேன். மைப் புகை நின்றதா, எழுத்து ஒன்றாகத் தெரிகிறதா என்று ஆசையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கடைக்கு வா என்றேன். தப்பு எங்களுடையது என்றேன். அவள் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். "நீங்க வந்தது சந்தோசந்தாங்க்கா. ஆனா சொன்னது நீங்க இல்லையே." காப்பி டம்ளரை வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

இன்று மதியம் மதுமிதா எனக்குப் போன் செய்தாள். புடவைக்கு மேட்சாக வளையல் என்று எதையோ பேசிவிட்டு, வைக்கிறபோது குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அத்தை, அந்த அக்கா திரும்ப வந்துட்டாங்களா?" அன்று நீ தங்கமணியைப் பேசும்போது வீடியோ கால் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஏலே. மதுமிதா பாதியிலே போனைக் கட் பண்ணினாள். மலையில் சிக்னல் போய்விட்டது என்று நீ சொன்னாய். சிக்னல் போகும்தான். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கும்போது ஒரு பெண் தன் மாமியாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள் என்றால், அவள் தங்கமணியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அவளும் புதிதாக நம் வீட்டுக்கு வருகிறவள். அவளுக்கு என்ன எண் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், அம்மா கத்திப் பழகிய நூற்றெட்டில் அவளை ஓட்டப் போகிறாயா? இன்னும் வரவில்லை தாயி என்று மட்டும் சொல்லி வைத்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று, கடைசி டெஸ்ட் பிரிண்ட். துளைக்கு ஒரு கோடு, நாலு நிறத்திலும் ஒன்றுகூட விடுபடவில்லை, எண்ணிப் பார்த்துக்கொள். இன்னொன்று, அந்தக் காலண்டர் தாள். அதைக் கிழித்துப் போடாதே, திருப்பிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. கார் எடுத்துக்கொண்டு போகாதே, பள்ளங்கி பஸ்ஸில் போ. ஸ்வீட் பாக்ஸ், பழத்தட்டு, புடவை என்று எதையும் தூக்கிக்கொண்டு போய் நிற்காதே, பெண் கேட்கப் போகவில்லை நீ. அவள் புருஷன் இருப்பார், பக்கத்து வீட்டார் இருப்பார்கள், அவர்கள் காதில் விழச் சொல். நீங்கள் சொன்னது சரி, நான் கேட்கவில்லை, நான் பேசியது தப்பு. இந்த மூன்றுக்கு மேல் ஒன்றும் வேண்டாம். டென்ஷனில் சொல்லிவிட்டேன், மனசில் ஒன்றும் இல்லை என்று இழுத்தாயானால் பேசாமல் திரும்பி வந்துவிடு. ஹெட் விற்றவருக்கும் ஒரு போன் போட்டு, கெடுத்தது ஆபரேட்டர் இல்லை என்று சொல்லிவிடு. அவள் கடைக்கு வருவதும் வராததும் அவள் இஷ்டம். அதைக் கேட்க உனக்கு உரிமை இல்லை.

உன் கல்யாணப் பேனர் கம்ப்யூட்டரில் ரெடியாகத்தான் கிடக்கிறது. மெஷினும் ரெடி. நான் ஒரு பட்டனைத் தட்டினால் அரை மணி நேரத்தில் அடித்துவிடும். தட்ட மாட்டேன். தங்கமணி கை பட்டால்தான் அது பிரிண்ட் ஆகும். அவள் வரவில்லையென்றால், பழனி கல்யாண மண்டபத்து வாசலில் உனக்குப் பேனர் கிடையாது. பழனியில் மொட்டைக்கா பஞ்சம்? வாசலும் ஒரு மொட்டையாக நின்றுவிட்டுப் போகட்டும். பேனர் கடைக்காரி வீட்டுக் கல்யாணத்தில் பேனர் எங்கே என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்கிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் காரணம் சொல்வேன். பயப்படாதே, கத்த மாட்டேன். மெதுவாகத்தான் சொல்வேன், எண்பத்தாறில்.

உன் அம்மா